ஆரணி வட்டாரத் தரிசு நிலங்களில் ஆவாரை வளர்ப்பும் பராமரிப்பும்: பட்டுச் சாயத் தேவையை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஆவாரை தமிழக வறள்நிலங்களில் இயற்கையாக வளரும் பல்லாண்டுப் பூஞ்செடியாகும். சங்க இலக்கியம் முதல் சித்த மருத்துவம், தோல் பதனிடுதல், சாயத்தொழில் வரை அதன் பயன்பாடு பரந்துள்ளது. பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியின் சுற்றுப்புறத் தரிசுகளிலும் சாலையோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் இச்செடி காணப்படுகிறது. இயற்கைச் சாயங்களின் மீது இன்று எழுந்துள்ள ஆர்வம், காட்டுச் செடியிலிருந்து பூவைப் பறித்து நிறைவு செய்யும் அளவைக் கடந்தால், செடியின் இயற்கைப் பெருக்கம் தடைப்படும். எனவே சாயத்திற்கான பூ சாகுபடியிலிருந்தே வரவேண்டும் என்பதை இக்கட்டுரை வலியுறுத்துகிறது. அதற்குரிய விதை நேர்த்தி, நடவு, கவாத்து, பறிப்பு, உலர்த்தல், பட்டில் சாயமேற்றல் ஆகியவற்றை முறைப்படி விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஆவாரை, ஆவிரை, ஆரணிப் பட்டு, இயற்கைச் சாயம், நிறமூன்றி, தரிசு நிலம், கவாத்து.

முன்னுரை

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்துள்ள ஆரணி, பட்டுச் சேலைக்கும் அரிசிக்கும் பெயர்பெற்ற ஊர். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றுள்ளது. நகரில் மட்டுமின்றித் தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முனுகப்பட்டு முதலிய சுற்றூர்களிலும் தறிகள் இயங்குகின்றன. இவ்வட்டாரத்தின் நிலம் இருவகைப்பட்டது. ஏரிப்பாசனமும் கிணற்றுப்பாசனமும் உள்ள நன்செய் ஒருபுறம்; கருங்கற்பாறைகளுக்கிடையே செம்மண்ணும் சரளையுமாகக் கிடக்கும் மேட்டுப்புன்செய் மறுபுறம். நன்செய் நெல்லுக்கும் வாழைக்கும் பயன்பட, மேட்டு நிலத்தின் ஒரு பகுதி பயிரின்றிக் கிடக்கிறது. அந்நிலத்தில் எவரும் விதைக்காமலே மஞ்சள் பூத்து நிற்பது ஆவாரை.

தறியும் தரிசும் ஒரே வட்டாரத்தில் அருகருகே இருந்தும் அவற்றை இணைக்கும் வழி இன்று பெரிதாக இல்லை. பட்டு நூலுக்குரிய சாயங்கள் செயற்கை வேதிப்பொருள்களாக வெளியிலிருந்து வருகின்றன. ஒருகாலத்தில் சாயத்திற்கும் தோலுக்கும் மருந்துக்கும் பயன்பட்ட செடி வேலியோரத்துப் புதராக எஞ்சியுள்ளது. செயற்கைச் சாயங்களுள் சில அசோ வகைச் சாயங்கள் உடல்நலத்திற்குக் கேடானவை என்ற காரணத்தால் 1994இல் செருமனி அவற்றைத் தடைசெய்தது. இந்தியாவும் 1997இல் இத்தகைய சாயங்களுக்குத் தடை விதித்தது. அதன்பின் இயற்கைச் சாயங்கள் குறித்த ஆய்வு வளர்ந்தது. எனினும் அவ்வாய்வுகளின் கவனம் பெரும்பாலும் சாயத்தொட்டியிலேயே நின்றுவிடுகிறது. சாயம் தரும் செடி எங்கிருந்து, எவ்வளவு, எவ்வாறு கிடைக்கும் என்ற வினா பின்தள்ளப்படுகிறது. அவ்வினாவிலிருந்தே இக்கட்டுரை தொடங்குகிறது.

1. பெயரும் இலக்கியச் சான்றும்

சங்க நூல்களில் ஆவிரை என வழங்கிய சொல், பிற்காலத்தில் ஆவாரை, ஆவாரம் எனத் திரிந்து வழங்குகிறது. பேச்சு வழக்கில் ஆவாரஞ்செடி, ஆவாரம்பூ என்பனவே மிகுதி. தெலுங்கில் இதனைத் தங்கேடு என்பர். தெலங்கானா மாநிலத்தின் மாநில மலர் இதுவே. அங்கு நிகழும் பதுக்கம்மா விழாவின் மலர் அடுக்குகளில் தங்கேடுப்பூ முதன்மையிடம் பெறுகிறது. இலங்கையில் சிங்கள மொழியில் இது ரணவரா எனப்படுகிறது.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் கொய்து குவித்த 99 மலர்களுள் ஆவிரையும் ஒன்று. அங்கு அது மகிழ்ச்சிக்குரிய மலராக நிற்கிறது. குறுந்தொகை 173ஆம் பாடலிலும் கலித்தொகையின் நெய்தற்கலியில் வரும் மடற்பாடல்களிலும் நிலை வேறு. தலைவியைப் பெறாத தலைவன் பனைமடலால் குதிரை செய்து ஊரறிய ஏறும்போது அணியும் மலர்களுள் ஆவிரை இடம்பெறுகிறது. எருக்கும் பூளையும் உடன் வருகின்றன. ஒரே மலர் ஓரிடத்தில் அழகின் அடையாளமாகவும், மற்றோரிடத்தில் நாணம் துறந்த நிலையின் அடையாளமாகவும் அமைகிறது. இவ்வேறுபாட்டிற்கு அம்மலரின் வாழிடமும் ஒரு காரணமாகலாம். எருக்கும் பூளையும் ஆவிரையும் காவலற்ற வெளிநிலத்தில் யாரும் பறிக்கத்தக்க நிலையில் பூப்பவை. தோட்டத்து மலர்க்குரிய மதிப்பு அவற்றிற்கில்லை.

அம்மூன்றனுள் ஆவாரையும் பூளையும் வேப்பிலையுடன் சேர்ந்து இன்றும் வழக்கில் உள்ளன. பொங்கலையொட்டிக் கொங்கு நாட்டிலும் பிற பகுதிகளிலும் வீட்டு வாசலிலும் வயலிலும் காப்புக் கட்டும்போது இவற்றைச் சேர்த்துக் கட்டுகின்றனர். ஆவாரை பூத்திருக்கும் இடத்தில் சாவுக்கு இடமில்லை என்னும் கருத்தமைந்த பழமொழியும் மக்களிடையே வழங்குகிறது.

2. செடியின் இயல்பும் அடையாளமும்

ஆவாரையின் தாவரவியற் பெயர் சென்னா ஆரிகுலேட்டா. 1753இல் லின்னேயசு இதனைக் காசியா ஆரிகுலேட்டா எனப் பெயரிட்டார். பழைய நூல்களில் அப்பெயரே காணப்படும். ஆரிகுலேட்டா என்னும் இலத்தீன் அடை, சிறு காது போன்ற உறுப்புடையது என்று பொருள்படும். இலைக்காம்பின் அடியில் அமைந்துள்ள அகன்ற, காது வடிவ இலையடிச் செதில்களே இப்பெயருக்குக் காரணம். செடியை ஐயமின்றி அறிவதற்கும் அவையே சிறந்த அடையாளம்.

இவ்வடையாளத்தை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. தகரை, பேயாவிரை, நிலாவாரை, சீமையகத்தி முதலியன யாவும் இதே இனத்தைச் சேர்ந்தவை. யாவும் மஞ்சள் பூப்பவை. சாலையோரங்களில் நடப்படும் மஞ்சட்கொன்றை மரமும் இவ்வினமே. பூவின் நிறத்தை மட்டும் நோக்கி விதை சேகரிப்பவர் எளிதில் தவறுவர். நிலாவாரையின் இலை வலிய மலமிளக்கி. பேயாவிரையின் விதை நச்சுத்தன்மை உடையது. ஆதலால் விதைக்குரிய தாய்ச்செடியைப் பூக்கும் பருவத்திலேயே இலையடிச் செதில் கண்டு உறுதி செய்து குறியிட்டு வைத்தல் வேண்டும்.

ஆவாரை ஓராள் உயரம்வரை பல கிளைகளுடன் வளரும் என்றும் பசுமையான புதர்ச்செடி. இலை, 8 முதல் 12 இணைச் சிற்றிலைகள் கொண்ட இரட்டைப்படைச் சிறகுக் கூட்டிலை. பூக்கள் கிளை நுனியிலும் மேற்கணுக்களிலும் கொத்தாகத் தோன்றும். ஐந்து இதழ்களும் பொன்மஞ்சள் நிறமுடையன. மகரந்தத்தாள்கள் 10, அவற்றுள் மேலுள்ள மூன்றும் வளமற்றவை. காய் தட்டையானது, தாள் போல் மெலிந்தது, முதிர்ந்தால் பழுப்பு நிறமடையும்.

இம்மலரில் தேன் இல்லை. வண்டுக்குக் கிடைக்கும் உணவு மகரந்தமே. அதுவும் மகரந்தப்பையின் நுனியிலுள்ள சிறு துளை வழியாகவே வெளிவரும். மரத்தைத் துளைத்து வாழும் பெரிய கருவண்டுகள் பூவைப் பற்றிக்கொண்டு சிறகுத் தசைகளை அதிர்விக்க, மகரந்தம் துளை வழியே சிதறுகிறது. சில பூக்களில் சூல்தண்டு இடப்புறமும் சிலவற்றில் வலப்புறமும் வளைந்திருப்பதால், ஒரு பூவில் வண்டின் உடலில் ஒட்டிய மகரந்தம் மறுபுறம் வளைந்த பூவின் சூல்முடியைச் சேர்கிறது. கருவண்டு இல்லாத இடத்தில் பூ மிகுந்தாலும் காய் குறையும் என்பதே இதன் நடைமுறைப் பொருள். வரப்பில் கிடக்கும் பட்டமரத்தையும் காய்ந்த மூங்கிலையும் முற்றாக அகற்றாமல் விடுவது, கருவண்டுக்குக் கூடமைக்க இடமளிக்கும்.

ஆவாரை அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் அதன் வேரில் தழைச்சத்தை நிலைநிறுத்தும் முடிச்சுகள் உருவாவதில்லை. பயறுவகைப் பயிர் போல அது மண்ணுக்குத் தழைச்சத்தைச் சேர்க்கும் எனக் கருதுவது பிழை. ஆயினும் ஆழ்ந்த ஆணிவேரால் கீழ்மண்ணின் சத்தை மேலே கொணர்ந்து இலையில் சேர்க்கிறது. அவ்விலையை நெல்வயலில் தழையுரமாக மிதிக்கும் வழக்கம் இக்காரணத்தாலேயே பயன்தருகிறது.

3. தோல் தொழில் தரும் பாடம்

ஆவாரையை வளர்க்காமல் பறித்தால் நேர்வது யாது என்பதற்கு ஆரணியின் அண்மையிலேயே வரலாற்றுச் சான்று உள்ளது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய பாலாற்றுப்படுகை ஊர்கள் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்றவை. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலிருந்து இலண்டனுக்கு ஏற்றுமதியான அரைப்பதத் தோலின் முதன்மைப் பதப்பொருள் ஆவாரம்பட்டையே. பட்டையிலுள்ள துவர்ப்புப்பொருளான டானின், தோலின் புரதத்தோடு பிணைந்து அதனை அழுகாமல் காக்கிறது. கடுக்காயும் உடன் பயன்பட்டது.

அப்பட்டை பெரும்பாலும் காட்டுச் செடிகளிலிருந்தே வந்தது. கிளைகளை வெட்டி உரித்தெடுத்த கூலித்தொழிலாளர்கள் வழியாகத் தரகரிடம் சேர்ந்து தொட்டிகளை அடைந்தது. தேவை பெருகியபோது இளங்கிளைகளும் வெட்டப்பட்டன. செடி மீளத் தளிர்க்கும் காலம் குறைந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் மரப்பட்டை ஆவாரம்பட்டையின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்தது. வாட்டில் தோட்டப்பயிராக வளர்க்கப்பட்டது. ஆகவே ஒரே தரத்தில், தேவைப்பட்ட அளவில் தொடர்ந்து கிடைத்தது. ஆவாரை தோற்றது அதன் பட்டை தாழ்ந்தது என்பதால் அன்று. அதற்குத் தோட்டம் இல்லை என்பதாலேயே எனலாம்.

இதற்கிடையே 1903இல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் குரோம் முறைப் பதனிடல் சோதனைகளைத் தொடங்கினார். பின்னர் அம்முறை பரவியது. பாலாற்றுப்படுகையில் தோல் தொழிற்கழிவால் நிலத்தடி நீரும் விளைநிலமும் கெட்டதையொட்டித் தொடரப்பட்ட வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்துவோரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டையும் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் அத்தீர்ப்பு இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. தாவரப் பதனிடலும் கழிவுநீர் தருவதே. ஆதலால் ஆவாரையால் பாலாறு கெடாதிருந்திருக்கும் என முடிவு செய்வது பொருந்தாது. எனினும் சாகுபடி செய்யப்படாத மூலப்பொருள் தொழில் வளர்ச்சியைத் தாங்காது என்பது இவ்வரலாற்றால் உறுதியாகிறது. பட்டுச் சாயத்திற்கும் இதே பாடம் பொருந்தும்.

4. நிலமும் வெயிலும்

ஆரணி வட்டாரத்தின் சராசரி ஆண்டு மழை சுமார் 1,000 மி.மீ. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பங்களிக்கின்றன. ஆவாரை இதனினும் குறைந்த மழையில் வாழ வல்லது. எனவே நீர்ப்பற்றாக்குறை இங்கு தடையன்று. தடையாவன இரண்டு: நிழல், நீர்த்தேக்கம்.

நாள்முழுதும் நேர்வெயில் விழும் இடத்திலேயே ஆவாரை நன்கு பூக்கும். மரநிழலில் நட்டால் செடி நெடிது வளர்ந்து கிளை குறையும், பூங்கொத்துகள் சிறுக்கும். வேம்பு, புளி, புங்கம் ஆகியவற்றின் வடபுறத்தில் நடுவதைத் தவிர்த்து, தென்கிழக்குச் சரிவான வெளியிடங்களைத் தேர்தல் நன்று. செம்மண், சரளை, மணற்பாங்கு ஆகிய மூன்றும் ஏற்றவை. ஓரளவு உவர்மண்ணிலும் இது வளரும். ஏரிக்கரையின் உட்சரிவில், மழைக்காலத்தில் நீர் நிற்கும் தாழ்விடங்களில் வேர் அழுகும்.

தரிசில் சீமைக்கருவேலம் படர்ந்திருப்பின் அதனை வேரோடு அகற்றியபின்பே ஆவாரையை நடவேண்டும். வெட்டிவிட்ட கருவேலம் விரைவில் தளிர்த்து ஆவாரையை நிழலால் மூடிவிடும். அகற்றிய குழிகளை மூடி ஒரு மழைக்காலம் கண்காணித்து, மீண்டும் முளைப்பவற்றைப் பிடுங்குதல் தேவை.

5. விதையும் நடவும்

முற்றிப் பழுத்த காய்கள் வெடித்துச் சிதறும் முன்பே, காலையில் பறித்து நிழலில் உலர்த்தி விதை பிரிக்க வேண்டும். காயில் சிறு துளை காணப்பட்டால் விதைத்துளைப்பான் வண்டு உள்ளிருந்து வெளியேறியுள்ளது என்பதை அறியலாம். விதையை நீரிலிட்டு மிதப்பவற்றை நீக்குவது எளிய தேர்வு. ஒரே புதரிலிருந்து எடுக்காமல், ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள பல செடிகளிலிருந்து விதை திரட்டினால் இனவளம் குன்றாது.

ஆவாரை விதைக்குக் கடினமான மேலுறை உண்டு. அது நீரை உட்புகவிடாமையால் விதை நெடுநாள் உறங்கிக் கிடக்கும். காட்டில் வெயிலும் மழையும் மாறிமாறி அவ்வுறையைத் தளர்த்துகின்றன. தோட்டத்தில் அதனைச் செயற்கையாகச் செய்தல் வேண்டும். இரு எளிய வழிகள் உள்ளன. முதலாவது, விதையைச் சொரசொரப்பான ஆற்றுமணலோடு சேர்த்துச் சாக்கில் இட்டுத் தேய்த்தல். இரண்டாவது, கொதித்திறக்கிய நீர் சுமார் 80 பாகை செல்சியசு அளவுக்கு ஆறியபின் விதையை அதிலிட்டு, அந்நீரிலேயே ஓரிரவு ஊறவிடுதல். காலையில் பருத்துள்ள விதைகள் விதைப்பிற்கு ஆயத்தமானவை. பருக்காதவற்றை மீண்டும் தேய்த்து ஊறவைக்கலாம். அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும் நீரில் விதையை வேகவைத்தால் முளை சாகும்.

ஆணிவேர் விரைந்து இறங்கும் செடியாதலால் பாத்தியில் நாற்றுவிட்டுப் பிடுங்கி நடுவது பயன்தராது. நெகிழிப் பைகளில் செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் ஆகியவற்றைச் சம அளவில் நிரப்பி, பைக்கு இரண்டு விதையாக 1 முதல் 2 செ.மீ ஆழத்தில் ஊன்றலாம். முளைத்தபின் வலியதொன்றை நிறுத்தி மற்றதை நீக்கவேண்டும். நாற்றுகளைத் தொடக்க முதலே வெயிலில் பழக்குதல் இன்றியமையாதது. நிழல்வலையில் வளர்ந்த நாற்று வயலுக்கு வந்ததும் வாடும். வேர் பையின் அடியைத் துளைக்கும் முன், இரண்டு மூன்று மாதங்களில், நடவேண்டும்.

ஆரணியில் நடவுக்கு உகந்த காலம் ஆடி முதல் புரட்டாசி வரை. அப்போது நட்டால் தென்மேற்குப் பருவமழையில் வேரூன்றி, ஐப்பசி, கார்த்திகை மழையில் வளர்ந்து, கோடைக்குள் வலுப்பெறும். செடிக்குச் செடியும் வரிசைக்கு வரிசையும் 1.5 மீட்டர் விட்டால் எக்டேருக்கு 4,444 செடிகளும் ஏக்கருக்கு ஏறத்தாழ 1,800 செடிகளும் அமையும். சரிவான நிலத்தில் வரிசைகள் சரிவுக்குக் குறுக்கே அமைந்தால் மண்ணரிப்பும் தடுக்கப்படும். வேலியாக வளர்ப்பதாயின் இடைவெளியை ஒரு மீட்டருக்குக் குறைக்கலாம்.

6. பராமரிப்பு

முதல் கோடையே செடியின் உயிர்க்காலச் சோதனை. அப்பருவத்தில் வாரம் ஒருமுறை வேர்ப்பகுதி நனைய நீரூற்றி, தூரைச் சுற்றிக் காய்ந்த இலையால் மூடாக்கிட வேண்டும். இரண்டாம் ஆண்டு முதல் மழைநீரே போதுமானது. அடிக்கடி நீர்விட்டால் வேர் மேலோட்டமாகவே நின்று, செடி வறட்சி தாங்கும் தன்மையை இழக்கும்.

உரத்திலும் மிகுதி கேடு. நடவின்போது குழிக்கு இரண்டு கூடை மக்கிய தொழுவுரம் இட்டால் போதும். தழைச்சத்து மிகுந்த யூரியா போன்றவற்றை இட்டால் இலை செழித்துப் பூ குறையும். களையெடுப்பு முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் தேவைப்படும். பின்னர் செடியின் அடர்த்தியே களையை அடக்கும்.

கவாத்து ஆவாரைப் பராமரிப்பின் மையம். பூக்கள் புதுத்தளிரில் தோன்றுவதால், பழங்கிளைகளை வெட்டாத செடியில் பூ ஆண்டுதோறும் உச்சிக்கு ஏறிப் பறிப்போர் கைக்கு எட்டாது போகும். தைப்பூப் பருவம் ஓய்ந்து காய்கள் முற்றியபின், பங்குனிக் கடைசியில் செடியை முழங்கால் முதல் இடுப்பளவு உயரத்திற்கு வெட்டலாம். அடியிலிருந்து பல கிளைகள் தளிர்க்கும். எல்லாச் செடிகளையும் ஒரே ஆண்டில் வெட்டாமல் மூன்றில் ஒரு பங்கை முறைவைத்து வெட்டினால், வண்டுகளுக்கு இடையறாது பூ கிடைக்கும். வெட்டிய தழை நெல்வயலுக்கு உரமாகும். ஆவாரையும் நெல்லும் ஒன்றுக்கொன்று உதவும் இவ்வேற்பாடு ஆரணி போன்ற நெல் விளையும் வட்டாரத்திற்குப் பெரிதும் பொருந்தும்.

இளவேனிலில் இலைகளைப் பசும்புழுக்கள் தின்பதைக் காணலாம். இவை பெரும்பாலும் வெளிர்நிற வலசைப் பட்டாம்பூச்சிகளின் புழுக்கள். ஆவாரை அவற்றின் இயல்பான உணவுச்செடி. இலையிழந்த செடி விரைவில் மீளும். பூச்சிக்கொல்லி தெளித்தால் கருவண்டும் உடன் அழியும். பூவைக் குடிநீராக அருந்துவோருக்கும் தீங்கு நேரும். ஆகவே நச்சுத் தெளிப்பை முற்றிலும் விலக்க வேண்டும். முதிர்ந்த இலையை மாடுகள் பெரும்பாலும் விரும்புவதில்லையாயினும், ஆடுகள் இளந்தளிரைக் கடிக்கும். முதலாண்டில் முள்வேலிக் காப்பு தேவை.

7. பறிப்பும் உலர்த்தலும்

மழைக்குப் பிந்திய மாதங்களில் பூ மிகுதி. பறிப்பதற்குக் காலைப்பொழுதே ஏற்றது. கொத்தை ஒடிக்காமல் விரிந்த பூவை மட்டும் கிள்ளினால், அக்கொத்திலுள்ள அரும்புகள் அடுத்தடுத்த நாள்களில் விரியும். ஒவ்வொரு செடியிலும் பாதிப் பூவை விட்டுவைத்தல் நெறியாக வேண்டும். விட்ட பூவே காயாகும். காயே அடுத்த தலைமுறை. காட்டுச் செடிகளில் கொத்துக்கொத்தாக ஒடித்துப் பறிக்கும்போது அழிவது ஒரு நாளைய பூவன்று. அவ்வாண்டின் விதை முழுவதுமாகும்.

செடிக்குத்தான் வெயில் வேண்டும். பறித்த பூவுக்கு ஆகாது. நேர்வெயிலில் உலர்த்தினால் நிறம் வெளிறும். காற்றோட்டமுள்ள நிழலில் மெல்லிய துணிமேல் பரப்பி, நாள்தோறும் புரட்டி, கையால் நொறுங்கும் பதம் வரும்வரை உலர்த்த வேண்டும். ஈரம் எஞ்சினால் பூசணம் பிடிக்கும். காற்றுப்புகாத கலங்களில், பறித்த மாதமும் இடமும் குறித்து வைப்பது சாயத்தின் நிறச்சீர்மைக்கு உதவும்.

சித்த மருத்துவத்தில் நீரிழிவுக்கு வழங்கப்படும் ஆவாரைக் குடிநீரிலும் இச்செடி முதன்மைச் சரக்கு. கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோட்டம், மருது ஆகியன உடன்சேரும். அது மருத்துவர் அளவறிந்து தரும் கூட்டு மருந்து. தனிப்பூவைக் கொதிக்கவைத்து அதற்கீடாகப் பருகுவதும், அதன்பொருட்டு நடப்பு மருந்தை நிறுத்துவதும் முறையன்று.

8. பட்டில் சாயமேற்றலும் பூவின் தேவையும்

பட்டு புரத இழை. கோரா நூலின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செரிசின் என்னும் பசை. சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் இப்பசையை நீக்கியபின்பே நூல் மென்மையும் பளபளப்பும் பெற்றுச் சாயத்தை ஏற்கும். செயற்கைச் சாயத்திற்கும் இயற்கைச் சாயத்திற்கும் இப்படி பொது.

ஆவாரம்பூவின் மஞ்சள் நிறப்பொருள்கள் பட்டில் நிலைபெற நிறமூன்றி வேண்டும். மரபில் அதற்குப் பயன்பட்டது படிகாரம். நூலின் எடையில் 10 முதல் 20 விழுக்காடு படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, நனைத்த நூலை அதில் ஊறவைத்துப் பிழிந்தெடுக்க வேண்டும். உலர்பூவைத் தனியே நீரில் கொதிக்கவைத்து வடித்த சாற்றில், 60 முதல் 80 பாகை வெப்பநிலையில், நூலை இடைவிடாது புரட்டிச் சாயமேற்றலாம். கொதிநிலையை எட்டவிட்டால் பட்டின் பளபளப்புக் குன்றும். படிகாரம் தெளிந்த மஞ்சளைத் தரும். இரும்புச்சத்துள்ள நிறமூன்றி சேர்ந்தால் நிறம் கருகி ஆலிவ் பச்சைக்குச் செல்லும். ஆகவே இரும்புக் கொப்பரையைத் தவிர்த்து எவர்சில்வர்க் கலங்களைப் பயன்படுத்துவது நன்று. அவுரியில் தோய்த்த நூல்மீது இம்மஞ்சளை ஏற்றினால் பச்சை கிடைக்கும்.

இனி அளவு. ஒரு சேலைக்குச் சரிகை நீங்கலாக 500 கிராம் பட்டு நூல் என்றும், நூலின் எடைக்குச் சமமாக உலர்பூ தேவை என்றும், ஐந்து பங்கு பச்சைப்பூ உலர்ந்து ஒரு பங்காகும் என்றும் கொண்டால், ஒரு சேலைக்கு 2.5 கிலோ பச்சைப்பூ வேண்டும். 100 சேலைக்கு 250 கிலோ. பாதிப் பூவைச் செடியில் விட்டுவைக்கும் நெறியைப் பின்பற்றினால், 100 சேலைக்கு 500 கிலோ பூக்கும் அளவுக்குச் செடிகள் நிற்க வேண்டும். இலேசான எடையுடைய பூவுக்கு இது சிறிய அளவன்று. ஆயிரக்கணக்கான தறிகள் இயங்கும் வட்டாரத்தில் மிகச் சிறிய பங்கு சேலைகள் ஆவாரைக்கு மாறினாலும், சாலையோரச் செடிகள் சில பருவங்களில் விதையற்றுப் போகும். எனவே சாகுபடி செய்வோர் முதல் பூப்பருவத்திலேயே குறியிட்ட சில செடிகளின் பூவை நாள்தோறும் நிறுத்துக் குறித்து, அதற்கேற்பச் சேலை எண்ணிக்கையை வரையறுத்துக்கொள்ளுதல் வேண்டும். தறியின் தேவைக்குச் செடியை வளைப்பதற்கு மாறாக, செடியின் விளைவுக்குத் தறி ஒதுக்குவதே நிலைக்கும் வழி.

வரம்புகளையும் கூறுதல் வேண்டும். தாவர மஞ்சள்களுள் பல வெயிலில் வெளிறும் இயல்பின. ஆவாரை மஞ்சளை நீலியின் உறுதியோடு ஒப்பிடலாகாது. நாள்தோறும் உடுத்தும் துணியைவிட, விழாக்காலத்தில் உடுத்தி நிழலில் உலர்த்திப் பேணும் பட்டுக்கே அது ஏற்றது. தொகுதிக்குத் தொகுதி நிறச்சாயல் சற்று மாறும். ஒரு சேலையின் பாவுக்கும் ஊடைக்கும் உரிய நூலை ஒரே தொட்டியில் சாயமேற்றினால் அம்மாற்றம் சேலைக்குள் தெரியாது. படிகாரக் கழிவுநீரையும் ஆற்றில் விடாமல் தனியே திரட்டி அகற்ற வேண்டும். இயற்கைச் சாயம் என்ற பெயர் கழிவுநீருக்கு விலக்களிக்காது.

முடிவுரை

ஆவாரை, வெயிலும் வறள்மண்ணும் தந்தால் மனிதர் பேணாமலே வாழும் செடி. அவ்வியல்பே அதற்குப் பகையாயிற்று. கேட்பாரற்று வளர்வதால் அதனை வளர்க்க வேண்டிய பயிராக எவரும் கருதவில்லை. தோல் தொழிலின் தேவை பெருகியபோது அது வெட்டப்பட்டது. தேவை மாறியபோது மறக்கப்பட்டது. சங்கச் செய்யுளில் மடலேறுவோன் சூடிய வெளிநில மலராகத் தொடங்கிய அதன் நிலை, இவ்வகையில் இன்றும் பெரிதும் மாறவில்லை.

விதையுறையைத் தளர்த்தி விதைத்தல், வெயிலில் பழக்கிய நாற்றை மழைக்காலத்தில் நடுதல், உரமும் நீரும் அளவோடு நிறுத்தல், முறைவைத்துக் கவாத்து செய்தல், பாதிப் பூவைச் செடிக்கே விடுதல் என்பன ஆவாரை வளர்ப்பின் அடிப்படைகள். இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. ஆரணியின் மேட்டுத் தரிசில் சில ஏக்கரேனும் இம்முறையில் பேணப்படின், நெல்வயலுக்குத் தழையும், கருவண்டுக்கு உணவும், தறிக்கு மஞ்சளும் ஒரே நிலத்திலிருந்து கிடைக்கும். சாயத்தொட்டி வைப்பதற்கு ஈராண்டு முன்னரே விதைப்பை நிரப்பப்பட வேண்டும் என்பதே இயற்கைச் சாய முயற்சிகளுக்கு இச்செடி உணர்த்தும் வரிசைமுறை.